விதைக்குள்ளே மீன் உண்டா?

ஆளி விதை இதயத்துக்கு நல்லது என்று மட்டாஞ்சேரியின் சைவக் குடும்பங்கள் நம்பத் தொடங்கிவிட்டன. அந்த நம்பிக்கையில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் வினை இருக்கிறது.

காலை எட்டு மணிக்கு மட்டாஞ்சேரியில் இரண்டு சத்தங்கள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. ஒன்று, குஜராத்தி தெருவின் ஜைனக் கோயிலைச் சுற்றிப் பறக்கும் புறாக்களின் சிறகடிப்பு. மற்றொன்று, சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு வரும் மீன்காரரின் “சாளே... சாளே...” தமிழ்நாட்டில் மத்தி என்றும் சாளை என்றும் சொல்கிறோமே, அதே மீன்தான். அது இல்லாமல் கொச்சிக்காரர்கள் பலருக்குச் சோறு இறங்காது. ஆனால் குஜராத்தி தெருவுக்குள் அந்த சைக்கிள் வேகத்தைக் குறைப்பதில்லை. அங்கே அதற்கு வேலையும் இல்லை.

அந்தத் தெருவின் பலசரக்குக் கடைகளில் சோம்பு, எள், ஓமம் மூட்டைகளின் வரிசையில் இன்னொரு விதையும் இருக்கிறது. பழுப்பு நிறம், தட்டை வடிவம், எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு. குஜராத்திகள் அல்சி என்கிறார்கள். வறுத்து, எள்ளும் சோம்பும் உப்பும் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் போட்டு மெல்லும் முக்வாஸ் அவர்கள் வீட்டுச் சமாசாரம். குளிர்காலம் வந்தால் வெல்லமும் நெய்யும் சேர்த்து உருண்டை பிடிப்பார்கள். கொச்சியில் குளிர்காலம் என்று ஒன்று வருவதே இல்லை என்பது வேறு விஷயம். உருண்டை மட்டும் தவறாமல் வருகிறது. மலையாளத்தில் இதற்குச் செறுசண வித்து என்று பெயர். தமிழில் ஆளி விதை.

மூட்டையில் கிடந்த விதை இப்போது பாக்கெட்டுக்கு வந்துவிட்டது. பாக்கெட்டின் மேல் சிவப்பாக ஓர் இதயப் படம். குஜராத்திகள் மட்டுமல்ல, கொங்கணிகள், தமிழர்கள், மீன் விலையைப் பார்த்து மிரண்ட மலையாளிகள் என்று எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். கேட்டால் கிடைக்கும் விளக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்: மீனில் இருக்கும் ஒமேகா-3 இதிலும் இருக்கிறதாம். இது சைவர்களின் மீனாம்.

இந்தப் பேச்சு பரவியதில் இந்தக் கட்டுரையாளனுக்கும் சின்னப் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மோனை படுத்திய பாடு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விதை வியாபாரிக்காக ஆங்கிலத்தில் இருந்த துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தேன். மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு இப்படி வேலைகள் வரும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. மூலத்தில் இருந்தது சாதுவான வாக்கியம்தான். மீன் உண்ணாதவர்களுக்கு இந்த விதை உதவலாம், மருத்துவர் தரும் மருந்துகளோடு சேர்த்து இதையும் உண்ணலாம் என்ற அளவில். தமிழ் எம்.ஏ. படித்தவனின் கை சும்மா இருக்குமா? “மீனுக்கு மாற்று, மாத்திரைக்கும் மாற்று” என்று தலைப்பு வைத்தேன். நான்கு சீரில் மோனை அழகாக விழுந்துவிட்டது. வியாபாரிக்கும் பிடித்துப்போயிற்று. பிரசுரம் அச்சாகி, மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களின் வாசல்வரை போயிற்று.

அப்படிப் போன வாசல்களில் ஒன்று என் அத்தையுடையது. செறளாயியை ஒட்டிய சந்தில் வீடு. வற்றல் மிளகாய் வியாபாரத்துக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட சைவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். எழுபது தாண்டியவர். பத்து வருடமாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர். முட்டைகூடச் சேர்க்காத வீடு. பிரசுரத்தைப் படித்துவிட்டுக் காலையில் ஒரு கரண்டி ஆளி விதையைத் தண்ணீரோடு முழுசாக விழுங்க ஆரம்பித்தார். மாத்திரையை நிறுத்திவிட்டார்.

இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ரத்த அழுத்தத்தின் கெட்ட குணமே அதுதான், சத்தம் போடாது. பிறகு ஒரு நாள் கோயிலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் அழைத்துப்போனபோது மேல் அளவு 190, கீழ் அளவு 110. பக்கவாதம் வராமல் தப்பியது அதிர்ஷ்டம் என்று டாக்டர் சொன்னார். ஊரிலிருந்து ஓடிப்போய் நின்ற என்னிடம் அத்தை கேட்டது ஒரே கேள்விதான்: “ஏலே, நீதான எழுதியிருந்த? பொய்யா எழுதுவே?”

பொய் என்றும் சொல்ல முடியவில்லை, உண்மை என்றும் சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் இந்த விதையைப் பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். படித்தபிறகு தெரிந்தது, விதை நல்ல விதை. கெட்டது அந்த “மாற்று” என்ற சொல்.

யாளி அல்ல, ஆளி

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. சங்கப் பாடல்களில் வரும் ஆளி யானையைக் கொல்லும் சிங்கம் போன்ற விலங்கு. அதற்கும் இதற்கும் உறவில்லை. அதைவிட நடைமுறைக் குழப்பம் ஒன்று உண்டு. சில நாட்டு மருந்துக் கடைகளில் ஆளி விதை என்று கேட்டால் வேறொரு விதையை அள்ளிப் போடுவார்கள். செம்பழுப்பாக, பொடிசாக, நீளவாக்கில் இருக்கும். ஊறவைத்தால் வழவழவென்று கூழாகிவிடும். மராத்தியில் அளீவ், இந்தியில் ஹலீம். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அதற்கும் குணங்கள் உண்டு, ஆனால் அது இதுவல்ல. நாம் பேசும் விதை அதைவிடப் பெரியது, தட்டையானது, ஒரு முனை கூர்மையாகக் கண்ணீர்த் துளி போல இருக்கும்.

செடி முழங்காலுக்கு மேல் வளரும். நீலப் பூப் பூக்கும். வடமொழியில் அதசி. கிருஷ்ணாஷ்டகம் கண்ணனின் நிறத்துக்கு ஒப்புச் சொல்வது இந்தப் பூவைத்தான். தமிழ் ஆழ்வார்களுக்கு அந்த வேலைக்குக் காயாம்பூ இருந்தது. ஆளி தமிழ்நாட்டு வயல் பயிர் அல்ல. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், விதர்பா, வட கர்நாடகம் என்று குளிர்காலச் சாகுபடி உள்ள இடங்களிலிருந்துதான் கொச்சிக்கு மூட்டை வருகிறது. 1753-ல் தாவரங்களுக்குப் பெயர் வைத்த லின்னேயஸ் இதற்குச் சூட்டிய லத்தீன் பெயரின் பின்பாதிக்கு ‘மிகமிகப் பயனுள்ளது’ என்று பொருள். தண்டிலிருந்து லினன் துணி, விதையிலிருந்து எண்ணெய், எண்ணெயிலிருந்து பெயிண்டும் வார்னிஷும். 1663-ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்களின் காலத்தில் ஐரோப்பியக் கப்பல்களின் பாய்கள் இந்தச் செடியின் நாராலும் சணல் நாராலும்தான் நெய்யப்பட்டன.

தென்னிந்தியச் சமையலறையின் ஓட்டை

நூறு கிராம் ஆளி விதையில் சுமார் 42 கிராம் கொழுப்பு, 27 கிராம் நார்ச்சத்து, 18 கிராம் புரதம். பாதிக்கு மேற்பட்ட கொழுப்பு, அதாவது 22 கிராமுக்கு மேல், ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். சுருக்கமாக ஏ.எல்.ஏ. இது ஒமேகா-3 குடும்பத்தைச் சேர்ந்தது. உடலால் இதைச் சொந்தமாகத் தயாரித்துக்கொள்ள முடியாது. உணவில்தான் வர வேண்டும்.

இங்கேதான் தமிழர்களும் மலையாளிகளும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. வங்காளத்திலும் பிகாரிலும் சமைக்கும் கடுகெண்ணெயில் ஏ.எல்.ஏ. பத்து சதவீதம் அளவுக்கு இருக்கிறது. சோயா எண்ணெயில் ஏழு சதவீதம் அளவு. நம் நல்லெண்ணெயில் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். கடலை எண்ணெயிலும் அப்படியே. தேங்காய் எண்ணெயிலும் கிடையாது. இதயத்துக்கு நல்லது என்று விளம்பரம் பார்த்து நடுத்தரக் குடும்பங்கள் மாறிய சூரியகாந்தி எண்ணெயிலும் கிடையாது. சூரியகாந்தியில் நிறைய இருப்பது ஒமேகா-6. அதுவும் உடலுக்கு வேண்டியதுதான், ஆனால் அது அளவுக்கு மீறிப்போனால் ஒமேகா-3ஐ உடல் பயன்படுத்திக்கொள்ளும் வழியில் குறுக்கே நிற்கும். இரண்டுக்கும் வேலை செய்யும் நொதிகள் ஒன்றே.

மீன் தின்னும் கொச்சிக்காரருக்கு இந்த ஓட்டையைச் சாளை அடைத்துவிடுகிறது. மீன் தின்னாத தென்னிந்தியருக்கு? முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. உளுந்தில் கொழுப்பு மிகக் கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் பெரும்பங்கு ஏ.எல்.ஏ. இட்லி, தோசை தெரியாமலே ஒரு உபகாரம் செய்துகொண்டிருக்கிறது. கீரைகளிலும் சிறிதளவு உண்டு. இருந்தாலும் ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி என்ற கணக்கில் நாள் தேவையை முடித்துவிடக்கூடியது என்று பார்த்தால் ஆளி விதைக்கு இணை அதிகம் இல்லை. அரைத்த ஆளி விதை ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏழு கிராம், 1.6 கிராம் ஏ.எல்.ஏ. தருகிறது. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்குப் போதுமானது என்று அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்த அளவு அதுவேதான், பெண்ணுக்கு 1.1 கிராம்.

அத்தை வீட்டில் சமையல் நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும்தான். ஆகவே அவர் ஆளி விதையைத் தொடங்கியது தவறில்லை. தவறு வேறு இடத்தில்.

சாளையின் கணக்கு

மட்டாஞ்சேரிப் பாலத்தைத் தாண்டினால் வில்லிங்டன் தீவு. 1957-ல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அங்கே இருக்கிறது. நகரத்துக்குள் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். 1947-ல் பிறந்து, மண்டபத்திலிருந்து 1971-ல் கொச்சிக்குக் குடிபெயர்ந்தது. சாளையைப் பற்றி உலகில் வேறெங்கும் இவ்வளவு பேர் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

மீனில் இருக்கும் ஒமேகா-3 வேறு ரகம். ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்று இரண்டு, ஏ.எல்.ஏ.யைவிட நீளமான சங்கிலிகள். 1970களில் கிரீன்லாந்து எஸ்கிமோக்கள் கடல் உணவையே தின்றும் மாரடைப்பில் அதிகம் சாகவில்லையே ஏன் என்று டென்மார்க் விஞ்ஞானிகள் பாங், டையர்பெர்க் இருவரும் தேடிப்போன கதையிலிருந்து உலகம் பேசிவருவது இந்த இரண்டைப் பற்றித்தான். மூளையிலும் விழித்திரையிலும் குவிந்திருப்பது டி.எச்.ஏ.

விதையைத் தின்றால் உடல் ஏ.எல்.ஏ.யை நீட்டி இவற்றைத் தயாரித்துக்கொள்ளாதா? தயாரிக்கும், ஆனால் கஞ்சத்தனமாக. நூறு பங்கு ஏ.எல்.ஏ. உள்ளே போனால் ஈ.பி.ஏ. ஆவது பொதுவாக ஐந்து முதல் பத்து பங்குக்குள். டி.எச்.ஏ. ஆவது பெரும்பாலான ஆண்களில் ஒரு பங்குகூடத் தேறுவதில்லை. பிள்ளை பெறும் வயதுப் பெண்களின் உடல் கொஞ்சம் தாராளம். மிச்சம் எல்லாம் சக்திக்காக எரிந்துபோகும். கணக்குப் போட்டால், ஒரு மேசைக்கரண்டி விதையின் 1,600 மில்லிகிராமிலிருந்து கிடைக்கும் ஈ.பி.ஏ. நூற்றைச் சுற்றி நிற்கும். நன்றாகக் கொழுத்த பருவத்துச் சாளை நூறு கிராமில் இரண்டும் சேர்ந்து ஒரு கிராமும் அதற்கு மேலும் இருக்கும். சைவர்களின் மீன் என்ற பட்டம் இந்த இடத்தில் நழுவி விழுகிறது.

இதில் ஒரு வேடிக்கை: சாளையும் அதைச் சொந்தமாகத் தயாரிப்பதில்லை. கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளைத் தின்றுதான் சேர்த்துக்கொள்கிறது. மீனின் மீன்தன்மையே ஒரு தாவரக் கடன். அந்தப் பாசியை வளர்த்து எண்ணெய் எடுத்து இப்போது மாத்திரையாக விற்கிறார்கள். உண்மையில் சைவர்களின் மீன் என்று ஒன்று இருந்தால் அது அதுதான். விலை மட்டும் ஆளி விதையோடு ஒப்பிடவே முடியாது.

மீன் தின்பவர்கள் இதைப் படித்து மீசையை முறுக்க வேண்டாம். 2012-ல் கேரளக் கடலில் சாளைப் பிடிப்பு ஏறக்குறைய 3.9 லட்சம் டன். 2021-ல் அது 3,500 டன்னுக்கும் கீழே விழுந்தது. பிறகு மீண்டு லட்சம் டன்னைத் தாண்டியது என்றாலும், ஏழை வீட்டு மீன் என்ற பெயர் அந்த வருடங்களில் அடிபட்டுப்போயிற்று. மீன் எண்ணெய் மாத்திரையின் புகழும் அப்படித்தான். அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்து 2018-ல் முடிவு வெளியான பெரிய சோதனையில், ஆரோக்கியமானவர்களுக்கு அது மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்ததாகத் தெரியவில்லை.

வின்னிபெக் சோதனை

அப்படியானால் விதையின் புகழ் வெறும் விளம்பரமா? அல்ல. அதன் நல்ல பேரில் பாதிக்கு மேல் ஒமேகா-3இலிருந்து வரவே இல்லை என்பதுதான் சுவாரசியம்.

ஆளி விதை மிகுதியாக விளையும் நாடு கனடா. அங்கே வின்னிபெக் நகரில் செயின்ட் போனிஃபேஸ் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ள 110 பேரைச் சேர்த்தார்கள். பாதிப்பேருக்கு அரைத்த ஆளி விதை நாளுக்கு 30 கிராம் வீதம் ரொட்டி, பன், பாஸ்தா என்று உணவில் கலந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அதே போன்ற உணவு, விதை இல்லாமல். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து, விதை தின்றவர்களின் மேல் ரத்த அழுத்தம் மற்றவர்களைவிட சுமார் 10 மி.மீ., கீழ் அளவு சுமார் 7 மி.மீ. குறைவாக இருந்தது. 2013-ல் இது வெளியானபோது துறையே திரும்பிப் பார்த்தது. உணவு ஒன்று மாத்திரை அளவுக்கு வேலை செய்வது அபூர்வம்.

நான் மொழிபெயர்த்த பிரசுரத்திலும் இந்தச் சோதனை இருந்தது. ஆனால் இரண்டு விவரங்களை நான் சுருக்கத்துக்காக விட்டுவிட்டேன். ஒன்று, அந்த நோயாளிகள் தங்கள் ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தவில்லை. மாத்திரையோடுதான் விதை. இரண்டு, பல சோதனைகளையும் ஒன்றாகச் சேர்த்து 2015-ல் பார்த்த ஆய்வில் மேல் அளவு குறைந்தது இரண்டு மி.மீ.க்கும் கீழே. கீழ் அளவும் அப்படியே. வின்னிபெக் முடிவு பெரிதாக இருந்ததற்கு, அவர்களுக்கு அழுத்தம் முதலிலேயே அதிகமாக இருந்ததும் விதையின் அளவு கணிசமாக இருந்ததும் காரணமாக இருக்கலாம். 190இல் நிற்கும் ஒருவரை இரண்டு மி.மீ. காப்பாற்றாது. அத்தை விழுங்கியதோ ஒரு கரண்டி, அதுவும் அரைக்காத விதை.

கொலஸ்ட்ரால் விஷயத்தில் விதையின் சாட்சியம் அடக்கமானது, ஆனால் நம்பத் தக்கது. 2009-ல் 28 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலும் கெட்ட கொலஸ்ட்ராலும் சிறிதளவு குறைந்தன. மாதவிடாய் நின்ற பெண்களிடமும், தொடக்கத்திலேயே கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தவர்களிடமும் பலன் தெளிவாகத் தெரிந்தது. கவனிக்க வேண்டியது, எண்ணெயை மட்டும் குடித்தவர்களுக்கு இந்தப் பலன் இல்லை. வேலை செய்தது விதையின் நார்ச்சத்தும் லிக்னன் என்ற பொருளும். லிக்னன் ஆளி விதையில் இருக்கும் அளவுக்கு வேறு எந்த உணவிலும் இல்லை. ஆக, விலை உயர்ந்த ஆளி எண்ணெய் மாத்திரையைவிட மூட்டை விதை மேல்.

மலச்சிக்கலுக்கு இது நல்லது என்பதற்குச் சோதனை தேவையில்லை. ஒரு கரண்டியை ஊறவைத்துப் பார்த்தால் தெரியும், தண்ணீரே கஞ்சியாகிவிடும். வயதானவர்களில் பலர் இதற்காகவே தொடர்கிறார்கள், வெளியில் இதயம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் சூட்டுக்கு இது கைகண்ட மருந்து என்ற பேச்சு 2011-ல் அமெரிக்காவில் 188 பெண்களிடம் நடந்த சோதனையில் எடுபடவில்லை. விதை இல்லாத தின்பண்டம் சாப்பிட்டவர்களுக்கும் அதே அளவு நிவாரணம் கிடைத்தது. புற்றுநோய்க்கு ஆளி எண்ணெயும் பாலாடைக்கட்டியும் என்று ஜெர்மனியின் யோஹன்னா புட்விக் 1950களில் தொடங்கிய வைத்தியம் இன்றும் துண்டுப் பிரசுரங்களில் உலாவுகிறது. அது குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்படி ஒன்று மொழிபெயர்க்க வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

அரைக்காத விதை

எப்படிச் சாப்பிடுவது என்பதில் ஒரே ஒரு விதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்: அரைக்க வேண்டும். விதையின் தோல் கெட்டி. முழுசாக விழுங்கினால் வந்த வழியே பெரும்பாலும் முழுசாகப் போய்விடும். மெல்லும் முக்வாஸிலும் பல்லுக்குத் தப்பியது வீண்தான். அத்தையின் இரண்டு மாத விதையில் எவ்வளவு உடம்பில் ஒட்டியது என்று நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அரைத்தாலும் மொத்தமாக அரைக்கக் கூடாது. இதற்குக் காரணம் தெரிய வேண்டுமானால் குஜராத்தி தெருவிலிருந்து யூதத் தெருவுக்கு நடக்க வேண்டும். 1568-ல் கட்டிய யூதக் கோயிலுக்குப் போகும் வழியெங்கும் பழம்பொருள் கடைகள். தேக்குப் பெட்டி, ஈட்டி மர நாற்காலி, பழைய கதவு. மரத்துக்குப் பூசும் எண்ணெய்களில் ஒன்று தச்சர்கள் லின்சீடு ஆயில் என்று சொல்வது. அதுவும் நம் ஆளி விதையின் எண்ணெய்தான். பூசிய சில நாளில் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு மெல்லிய படலமாக இறுகிவிடும். ரெம்பிராண்டின் ஓவியங்கள் இன்றும் கித்தானில் ஒட்டிக்கொண்டிருப்பது இந்தக் குணத்தால். இதயத்துக்கு நல்லது என்ற அதே ஏ.எல்.ஏ.தான் காற்றுப் பட்டதும் இப்படி மாறுகிறது. ஓவியனுக்கு வரம், சமையலறைக்குச் சாபம். அரைத்த மாவு காற்றும் வெளிச்சமும் ஈரமும் பட்டால் சிக்கு வாடை அடித்துவிடும். கொச்சியின் புழுக்கத்தில் சீக்கிரமே அடிக்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, மூடி இறுகிய பாத்திரத்தில் ஃபிரிஜ்ஜுக்குள் வைப்பது புத்திசாலித்தனம். கசப்பும் பெயிண்ட் வாடையும் வந்துவிட்டால் குப்பையில்தான் போட வேண்டும். இந்த எண்ணெயில் பொரிக்கவும் கூடாது, சூட்டைத் தாங்காது.

பெயிண்ட் கடை எண்ணெயை யாரும் குடிக்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். விலை குறைவு, விதை ஒன்றுதானே என்று கேட்கிறவர்கள் உண்டு. சீக்கிரம் உலர்வதற்காக அதில் உலோக உப்புகள் சேர்ப்பார்கள். அது விஷம்.

நம் நாக்குக்குச் சரியான வழியை வட கர்நாடகம் என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டது. அங்கே இது அகசெ. வெறும் வாணலியில் படபடவென்று வெடிக்கும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, வற்றல் மிளகாய், பூண்டு, புளி, கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பொடித்து, சோள ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். விதர்பாவின் ஜவஸ் சட்னியும் கிட்டத்தட்ட இதே உறவு. இட்லி மிளகாய்ப் பொடியில் உளுந்தோடு ஒரு பங்கு ஆளி விதை சேர்த்தால் யாருக்கும் தெரியாது. வறுப்பதால் ஏ.எல்.ஏ. பெரிதாகக் கெடுவதில்லை. விதையில் இயற்கையாகவே இருக்கும் சயனைடு சார்ந்த பொருள் சற்றுக் குறையவும் செய்யும். சயனைடு என்றதும் பயப்பட வேண்டாம். நாளுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டிக்கு உடல் அஞ்சுவதில்லை. கிண்ணம் கிண்ணமாக அள்ளுகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். பொன்னிற விதை என்று தனியாக விற்கிறார்களே, கூடுதல் விலை கொடுக்கும் அளவுக்குப் பழுப்பு விதையைவிட அதில் ஒன்றும் அதிகம் இல்லை.

இன்னும் சில எச்சரிக்கைகள். தண்ணீர் நிறையக் குடிக்காமல் இதை மட்டும் விழுங்கினால், நார் உப்பிக் குடலை அடைத்துவிடலாம். குடல் அடைப்பு, குடல் சுருக்கம் உள்ளவர்கள் தொடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்த மருந்து எடுப்பவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும்; மருந்தையும் விதையையும் ஒரே வேளையில் விழுங்கினால் மருந்து உடலில் சேருவது தாமதமாகும். லிக்னன் பெண்மை ஹார்மோனைப் போல மெலிதாக வேலை செய்வதால் கர்ப்பிணிகளும் கேட்டுக்கொள்வது நல்லது.

போன தடவை மட்டாஞ்சேரி போயிருந்தபோது அத்தை இட்லிக்குப் பொடி குழைத்து வைத்தார். நல்லெண்ணெயில்தான். தட்டுக்குப் பக்கத்தில் ஏழு அறை கொண்ட பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டி. செவ்வாய்க்கிழமை அறையைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் பொடியைத் தொட்டார். ரத்த அழுத்தம் இப்போது 134க்கு 82. விதையாலா மாத்திரையாலா என்று நான் கேட்கவில்லை. சமையலறைச் சுவரில், காலண்டருக்குக் கீழே, என் பழைய பிரசுரம் இன்னும் ஒட்டியிருந்தது. இரண்டாவது “மாற்று” மேல் பேனாவால் கோடு. முதலாவதன் மேலும் கோடு போட வேண்டும் என்றேன். “மீனுக்குத்தானே? அது கெடக்கட்டும். நான் எப்ப மீன் தின்னேன், மாத்துக்கு?” என்றார் அத்தை.